ஆற்றோர நிரை

கோல் விழுந்தால் மைதானமே எண்ணிவிடும். விழாமல் போன பந்துகளை எண்ணுகிற வேலைதான் எங்களுக்கு வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். மழை இன்னும் முழுசாக இறங்கவில்லை, ஆனால் காலையில் கம்பளியை உதறினால் ஈரம் தெறிக்கும். தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைச் சரிவு வந்து முடிகிற இடத்தில் எங்கள் எஸ்டேட்டின் மைதானம். ஒரு பக்கம் ஆறு. எதிர்ப் பக்கம் ரோடு. சரிவை ஒட்டியிருந்த கோல் போஸ்டுக்கு மேட்டு முனை என்று பேர், தூரத்தில் இருந்ததற்குப் பாலத்து முனை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் நாங்கள் மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கால் நீட்டி உட்காருவோம். கொழுந்து எடுக்கப் போகாத ஒரே நாளிலும் அந்தச் செடிகளுக்குள்தான். வேறு எங்கே போய் உட்கார.

என் வீட்டுக்காரர் லெஃப்ட் பேக்.

எங்கள் குடித்தனம் அதில்தான் நின்றது. எஸ்டேட் அணியில் ஆடுகிறவருக்குத் தொழிற்சாலையில் வேலை. மழையில்லை, அட்டையில்லை, மாடியில் வாட்டப் போட்ட கொழுந்தைக் கிளறிவிட்டால் போதும். அணியை விட்டு எடுத்தால் அந்த வேலையும் போகும். மறுபடி மேல் டிவிஷன், மறுபடி கவாத்துக் கத்தி, இல்லாவிட்டால் முதுகில் மருந்து டின். தொழிற்சாலை லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குக் கொடுத்திருந்த அறையும் வேலையோடு சேர்ந்து போகும். மேல் டிவிஷனுக்கு மழைக்காலத்தில் ஜீப் ஏறாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தின வருஷம் நான் அங்கே வலியோடு ஜீப்புக்குக் காத்துக் கிடந்தேன். வண்டி வரவில்லை, பிள்ளை தங்கவில்லை. இப்போது வயிற்றில் மறுபடியும் ஒன்று அசைந்துகொண்டிருந்தது. இந்த மழை முடியும்வரை அவர் அணியில் இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். செடியைப் பார்த்தும் கேட்டேன், அடுப்பைப் பார்த்தும் கேட்டேன், கொடியில் காய்கிற அவர் ஜெர்சியைப் பார்த்தும் கேட்டேன்.

அந்த வருஷம் எஸ்டேட்டுகளுக்குள் நடந்த போட்டியில் எங்கள் அணி போட்டதைவிட வாங்கியது அதிகம். "பின்னால ஓட்ட இருக்கு" என்று டீக்கடையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தா வரை ஒரே பேச்சு. ஓட்டை யார் என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள்.

அணியைக் கவனித்தவர் புதிதாக வந்த சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கோயமுத்தூரில் புள்ளியியல் படித்தவர். துரை என்றால் அதட்ட வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கம். இவர் கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்த்தும் 'ங்க' போட்டார். "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் இளசாப் பாத்து எடுங்க" என்பார். அவர் பைக் வளைவு திரும்பியதும் மதினி அதே குரலில், "ஏனுங்க அட்டைங்க, எங் கால விட்டுட்டுப் போங்க" என்பாள். சரிவு முழுக்கச் சிரிப்பு ஓடும்.

மதினி எங்கள் பக்கத்து அறை. ரத்த உறவு ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் அவளை அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு மதினி. அவள் தம்பிதான் ரைட் பேக். தாய் தகப்பன் இல்லாத பையனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனுக்கும் அதே தொழிற்சாலை வேலை. அவன் பேருக்குக் கிடைத்த அறையில்தான் அவளும் இருந்தாள். ஆக, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு என்ன பயமோ, அந்தப் பக்கம் அவளுக்கும் அதே பயம். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை. ஒரே அம்மியில் அரைத்துக்கொண்டோம்.

ஒரு சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் சின்னத்துரை கங்காணியிடம் தன் யோசனையைச் சொன்னார். நாங்கள் கூடையோடு வரிசையில் நின்று கேட்டோம்.

"கோலை மட்டும் எண்ணுனா ஏமாந்துருவோமுங்க. கோல் விழுகறதே கொஞ்சம். அதுலயும் பாதி அதிர்ஷ்டம். போஸ்ட்ல பட்டு வெளிய போன பந்தும் ஓட்டையில வந்ததுதானுங்களே? ஒவ்வொரு பேக்கையும் தாண்டி எத்தன தடவ பந்து கோல் பெட்டிக்குள்ள போவுதுன்னு பாக்கோணும். கோல் ஆனாலுஞ் சரி, ஆகாட்டியுஞ் சரி."

கங்காணி தலையைச் சொறிந்தார். "அதெப்படித் தொரை, நடக்காததை எண்ணுறது?"

"சாக்குல வர்ற கொழுந்தை முழுசாவா பிரிக்கறோம்? ஒரு பிடி எடுத்து, இளசு எத்தன, முத்தல் எத்தனன்னு பாத்து மொத்தச் சாக்குக்கும் தரஞ் சொல்றமல்லங்க. அந்த மாதிரிதான்."

அது எங்களுக்கு உடனே புரிந்தது. இளசையும் முத்தலையும் பார்த்த மாத்திரத்தில் பிரிப்பதுதான் எங்கள் கண்ணுக்குக் கூலி. ஆண்களை எண்ணச் சொன்னால் சண்டையில் முடியும் என்று அவரே சொன்னார். பேக்குகள் நான்கு பேர். நான்கு பெண்கள் எண்ணட்டும், ஆளுக்கு ஒருவர் மேல் கண் வைத்து. அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை அவர் கங்காணியிடம் விட்டார்.

அங்கேதான் வழி பிசகியது. எங்கள் கங்காணிக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரே வழிதான் தெரியும். காலையில் மலையடிவாரத்தில் நிற்க வைத்து, இந்த வரிசைச் செடி உனக்கு, அடுத்தது அவளுக்கு என்று கையைக் காட்டுவார். அதற்கு நிரை என்று பேர். நிரை வாங்கினால் உச்சிவரை அது உன்னுடையது. பாதியில் விட்டு வரக்கூடாது, அடுத்தவள் நிரையில் கைவைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவர் மேட்டில் நின்று மைதானத்தைப் பார்த்தும் அதே கையைக் காட்டினார்.

"ஆத்தோரம் ஒனக்கு. நடுவுல ரெண்டும் இவளுக ரெண்டு பேருக்கு. ரோட்டோரம் ஒங்க மதினிக்கு. பந்து நம்ம பேக்கைத் தாண்டிப் பெட்டிக்குள்ள போச்சுன்னா ஒரு முத்த இலையக் கிள்ளி மடியில போடு. அடுத்தவ நெரையில என்ன நடந்தாலும் ஒனக்குக் கண்ணு தெரியாது. என்ன?"

ஆட்டம் தொடங்கும்போது ஆற்றோரம் நின்றது என் வீட்டுக்காரர்.

அந்த வருஷம் எல்லா லீக் ஆட்டமும் எங்கள் மைதானத்தில்தான். அடுத்தடுத்த ஞாயிறுகளில் நான் ஆற்றோரத்தைப் பார்த்தேன். ஒரு கோடு போட்ட மாதிரி, போஸ்டிலிருந்து போஸ்ட் வரை, அந்தப் பச்சை நாடாவை மட்டும் பார்த்தேன். அதற்கு முன்னால் நான் பந்தைப் பார்த்ததே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவர் முழங்காலைப் பார்த்திருக்கிறேன், கீழே விழுந்தால் எழுந்திருக்கிறாரா என்று பார்த்திருக்கிறேன். பந்து ஒரு கெட்ட பிராணி. எங்கே விட்டாலும் என் நிரைக்கே திரும்பி வந்தது. கிள்ளினேன், போட்டேன். கிள்ளினேன், போட்டேன். மதினியின் மடி காலியாகக் கிடக்கும். அவள் பல்லில் புல்லைக் கடித்துக்கொண்டு, "என்னட்டி, ஒம் மடியில பாதிச் சாக்குத் தேறும் போலுக்கே" என்பாள். நான் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கங்காணி இலைகளை வாங்கி எண்ணிச் சின்னத்துரையிடம் சொல்வார். ஆற்றோரத்து இலையை லெஃப்ட் பேக் என்று சொன்னார். ரோட்டோரத்தை ரைட் பேக் என்று சொன்னார். அவரைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொன்னார்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமை, கொட்டகைக் கரும்பலகையில், எடை எழுதுகிற இடத்துக்குக் கீழே, சுண்ணாம்புக் கட்டியால் பேக்குக்கு ஒன்றாக நான்கு கோடு. ஒன்று மட்டும் பலகையின் ஓரம் வரை ஓடியது. அதன் பக்கத்தில் 'இடது' என்று எழுதியிருந்தது. சின்னத்துரை அதைத் தொழிற்சாலை மாடிக்கே போய் என் வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆடட்டும், அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்து பூட்ஸைக் கழற்றி, அடியில் ஒட்டிய மண்ணைச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டே இருந்தார். மண் போன பிறகும் சுரண்டினார்.

"ஒம் மடியில விழுந்ததுதான அம்புட்டும்?"

"ஆமா."

"கூடக் கொறையப் போட்டியா?"

"இல்ல."

"அப்பச் சரி" என்றார். அந்தச் 'சரி' அறைக்குள் நடந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. சோற்றைப் போட்டேன். சாப்பிட்டார். மேல் டிவிஷனில் எந்த லயம் காலி என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. நானோ அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கால்களா இத்தனை தடவை தவறின? நம்பினேன். என் கையால் கிள்ளிப் போட்ட இலையை நம்பாமல் யாரை நம்ப?

மறுநாள் நிரையில் மதினி எனக்குப் பக்கத்தில். ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவளுக்கு ஆறுதல்கூடக் கேலியாகத்தான் வரும்.

"ஒம்பாடு தேவல புள்ள. பந்தப் பாத்துப் பொழுது போச்சு. எனக்கு? மொதப் பாதி பூரா ஒக்காந்து பேன் பாத்தேன். ரெண்டாம் பாதியிலயாவது ஒண்ணு வரும்னு பாத்தா, அப்பவும் ஆத்தோரத்துக்கே ஓடுறானுக. எந் தம்பி பக்கம் ஒரு நாயி வரல."

என் கை செடியின் மேல் நின்றது.

"ரெண்டாம் பாதியில ஒந் தம்பி எங்க நின்னான் மதினி?"

"ரோட்டோரம். வேற எங்க…" என்றவள் நிறுத்தினாள்.

பாதியில் முனை மாறுவார்கள். எங்கள் அணி மேட்டு முனையிலிருந்து பாலத்து முனைக்குப் போகும். அப்படியே திரும்பி நிற்கும்போது, ஆற்றோரம் நின்றவர் ரோட்டோரம் போய்விடுவார், ரோட்டோரம் நின்றவர் ஆற்றோரம் வந்துவிடுவார். இதைப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ஆனால் நாங்கள் நிரையைப் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் என் மடியில் விழுந்ததெல்லாம் அவள் தம்பியைத் தாண்டிய பந்து. அதையும் சேர்த்துத்தான் பலகையில் என் வீட்டுக்காரர் தலையில் எழுதியிருந்தது.

அவள் முகம் எனக்கு எதிரிலேயே மாறியது. சிரிப்பு வடிந்து, கண் சிறுத்து, சுவரின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டாள்.

"இதப் போயிச் சொல்லப் போற."

"மதினி…"

"ஒம் புருசன் வேலையக் காப்பாத்த எந் தம்பிய வெட்டப் போற. போ. சொல்லு. நல்லாயிரு."

அன்று முழுக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவள் நிரை என்னுடையதைவிட வேகமாக மேலே ஏறிப் போனது.

கொட்டகையில் சின்னத்துரையின் பைக் நின்றிருந்தது. நான் சொன்னதை அவர் முதலில் பாதிதான் கேட்டார். பிறகு பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. ஆளை விட்டுட்டு எடத்தையா எண்ணுனீங்க?"

"நெரை குடுத்தாக தொரை. நெரைய விட்டு எப்படிப் போறது?"

"மொதப் பாதி எல, ரெண்டாம் பாதி எல, தனித்தனியா வெச்சிருக்கீங்களா?"

"இல்ல தொரை. ஒரே மடி. ஒண்ணாக் கலந்துபோச்சு."

அவர் பலகையைப் பார்த்தார். ஓரம் வரை ஓடிய அந்தக் கோட்டைப் பார்த்தார். "கூட்டிப் போட்டதுக்கப்பறம் பிரிக்க முடியாதுங்க. எது எங்கிருந்து வந்துச்சுன்னு தொகை சொல்லாது" என்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன்னையே திட்டிக்கொண்டார். "கங்காணிகிட்டச் சொல்லீட்டு, ஒரு நாளாவது மேட்டுல வந்து உக்காந்து பாத்திருக்கோணும். எதிர் டீமு பேக்குகளையும் எண்ணச் சொல்லியிருக்கோணும். ஒண்ணுஞ் செய்யல." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நீங்க லெஃப்ட் பேக் ஊட்டுக்காரிங்க. நீங்க சொல்லித்தான் நான் மாத்துனேன்னா எல்லாரும் என்ன பேசுவாங்க?"

நான் காலிக் கூடையைத் தோளில் மாட்டினேன்.

"ஒரு ஆட்டம் பாக்கி இருக்குதுங்க. ஒரே ஆட்டத்த வெச்சு ஒண்ணுஞ் சொல்ல முடியாது. ஆனா எங்கிட்ட வேற என்ன இருக்குது?" என்றார். ஏற்பாட்டை அவரே சொன்னார். இந்தத் தடவை ஆளைத்தான் பார்க்க வேண்டும், நிரையை அல்ல. என் வீட்டுக்காரரை மதினி எண்ண வேண்டும். அவள் தம்பியை நான் எண்ண வேண்டும். பாதிக்குப் பாதி இலை தனி. யார் மோசமோ அவர் வெளியே. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி மடி இன்னொருத்திக்குத் தெரிய.

ஞாயிறு வரை அம்மியில் தனித்தனியாக அரைத்தோம்.

கிளம்பும் முன் என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்று. "அவ எனக்குக் கூடப் போட்டுருவாளோன்னு பயந்து நீ அந்தப் பயலுக்குக் கூடப் போட்டுறாத."

அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்திருந்தது. அவர் எப்படிக் கண்டார் என்று தெரியவில்லை.

வானம் அன்று மலையின் தோள்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. தூறல். மேட்டில் எங்களைச் சுற்றி வழக்கமான கூச்சல் இல்லை. விஷயம் லயம் லயமாகப் பரவியிருந்தது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லாப் பெண்களும் மைதானத்தைக் கொஞ்சமும் எங்கள் மடியை நிறையவும் பார்த்தார்கள். மதினி எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

முதல் பாதி, மேட்டு முனை. என் வீட்டுக்காரர் ஆற்றோரம். நான் அவரைப் பார்க்கக் கூடாது. ரோட்டோரத்தில் நின்ற பையனின் முதுகையே பார்த்தேன். அங்கே அநேகமாக ஒன்றும் நடக்கவில்லை. அவன் இடுப்பில் கைவைத்து நின்றான், குனிந்து காலுறையை இழுத்துவிட்டான். ஆனால் என் இடது காது முழுக்க மதினியின் விரலில் இருந்தது. இலை கிள்ளுகிற சத்தம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. கிள்ளினாள். கொஞ்சம் அமைதி. மறுபடி கிள்ளினாள். கூட்டம் 'ஓ'வென்று எழுந்தது. கோல். அவர் பக்கமாக வந்து விழுந்த கோல். மதினி கிள்ளினாள். நான் திரும்பவே இல்லை. அப்போ உண்மைதானா. கலந்து போன கணக்கைப் பிரித்தாலும் அதற்குள்ளே இவர்தான் இருக்கிறாரா. வயிற்றில் பிள்ளை உதைத்தது, கம்பளிக்குள் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

இடைவேளையில் கங்காணி வந்து இரண்டு துணியில் இலைகளை வாங்கிப்போனார். அவளுடையது ஒரு குத்து. என்னுடையது ஒன்றே ஒன்று. சுற்றி இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையைத் தேடினார்கள்.

முனை மாறினார்கள். இப்போது எங்கள் கோல் பாலத்து முனையில், தூரத்தில். அதே நேரம் ஆற்றிலிருந்து மஞ்சு எழுந்தது. முதலில் பாலம் மறைந்தது, பிறகு போஸ்ட், பிறகு பேக்குகள் இடுப்புவரை மட்டும் தெரிந்தார்கள். மேட்டிலிருந்து எண்ண முடியாது.

மதினி எழுந்தாள். "வாட்டி" என்றாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. ஒரு பிடி இலையைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். நானும். சரிவில் சறுக்கி இறங்கி, ஆற்றோரக் கோட்டை ஒட்டிப் பாலத்து முனைக்கு ஓடினோம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கோட்டருகே நின்ற ஒரு பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

"ஏ, பொம்பளையளுக்கு இங்க என்ன வேல?"

"எண்ணுற வேல. ஒமக்கு இங்க என்ன வேல?" என்றாள் மதினி. அவர் கையை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் என் கால் உணர்ந்தது. ஆற்றோரத்தில் புல்லுக்கு அடியில் தரை இல்லை, கஞ்சிதான் இருந்தது. கணுக்கால் வரை உள்ளே போனது. வெறும் ஈரம் மட்டுமில்லை. நிற்க நிற்க உடம்பு ஆற்றுப் பக்கமாகவே போனது. ஆயுசு முழுக்கச் சரிவில் நிற்கிற கால் இது. சரிவு எவ்வளவு சின்னதானாலும் இதற்குத் தெரியும். மேட்டிலிருந்து பார்க்க மைதானம் தட்டுப் போல இருந்தது. இங்கே நின்றால், நடுக்கோட்டிலிருந்து ஆறு வரை முழுசும் சாய்ந்துதான் கிடந்தது.

ஆற்றோரத்தில் இப்போது அவள் தம்பி. பந்து வந்தது. யாரும் அடிக்காமலே உருண்டும், அடித்தால் வளைந்தும், வந்துகொண்டே இருந்தது. அவன் திரும்புவான், கால் புதையும், எதிராளி தாண்டிப் போவான். நான் என் மடியில் போட்டேன். மறுபடி. மறுபடி. எதிரில், ரோட்டோரத்தில், மஞ்சுக்குள் என் வீட்டுக்காரர் ஆளில்லாத காட்டைக் காவல் காப்பவர் மாதிரி நின்றார். மதினியின் மடி அசையவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் என் கையையும் பார்த்தாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம் அது. பந்து அவன் காலுக்கு அடியில் நழுவிப் பெட்டிக்குள் போனது. போனது, ஆனால் சேற்றில் சிக்கி நின்றுவிட்டது. துரத்தி வந்த எதிராளியும் விழுந்தான். கோல்கீப்பர் வந்து சாவகாசமாக எடுத்துக்கொண்டார். இது கணக்கா? ஒன்றுமே நடக்கவில்லையே. இலை என் விரலில் நின்றது. போட்டால், இவள் தம்பி தலையில் இன்னும் ஒன்று. போடாவிட்டால், என் வீட்டுக்காரர் மோசமாகத் தெரியலாம். என் விரலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மதினி தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஓர் இலையை எடுத்து, என் மடியில் போட்டாள்.

"கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? போனது போனதுதான். எண்ணு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் மறுபடி ரோட்டோரம் திரும்பி, என் வீட்டுக்காரரை எண்ணப் போய்விட்டாள்.

ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் லீக்கில் தேறி, இதே மைதானத்தில் நடக்கிற அரையிறுதிக்குப் போனோம். இந்த விவரம் அன்றைக்கு யாருக்கும் நினைவில் இல்லை. கங்காணி கொட்டகைத் திண்டில் நான்கு துணியையும் விரித்தார். ஆற்றோரம் நின்றபோது இரண்டு பேருக்கும் குத்துக் குத்தாக இலை. ரோட்டோரம் நின்றபோது இரண்டு பேருக்கும் அநேகமாக ஒன்றுமில்லை. மொத்தத்தில் மதினியின் தம்பிக்கு ஓர் இலை கூடுதல். அது அவள் போட்ட இலை. கூட்டம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது. "அப்ப ரைட் பேக்தான்" என்று யாரோ சொன்னார்கள். மதினி தூணைப் பிடித்து நின்றாள்.

"ஒரு எல வித்தியாசம் வித்தியாசமே இல்லீங்க" என்றார் சின்னத்துரை. "நாளைக்கே மறுபடி ஆடுனா மாறிப்போகும். அத வெச்சு ஒருத்தர் பொழப்புல கை வெக்க முடியாது." அவர் நான்கு துணியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டை ஒரு பக்கமாக, இரண்டை மறு பக்கமாகத் தள்ளினார். ஆள் ஆளாக இருந்ததை இடம் இடமாக அடுக்கினார். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கி மைதானத்தின் நடுவுக்குப் போனார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். கொஞ்சம் காய்ந்த இடமாகப் பார்த்துப் பந்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். பந்து யோசித்தது. மெதுவாக, யாரும் கேட்காமல், ஆற்றைப் பார்த்து உருளத் தொடங்கியது.

"கங்காணி பிரிச்சுக் குடுத்ததுலயும் விசயம் இருந்திருக்குதுங்க" என்றார். "ஆளு இல்ல. எடம்." அரையிறுதியிலிருந்து நடுவில் நிற்கிற ஒருவர் எந்தப் பாதியானாலும் ஆற்றோரமாகத் தள்ளி நிற்க வேண்டும் என்று சொன்னார். பேக்குகளில் மாற்றம் இல்லை. கொட்டகைக்கு வந்து, பலகையில் 'இடது' என்ற எழுத்தை உள்ளங்கையால் அழித்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டபோது வெள்ளை ஒட்டியது.

வீட்டில் அவருக்குக் காலில் வெந்நீர் ஊற்றினேன். சேறு கரைந்து ஓடியது.

"தரை சாஞ்சிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆடுறவன் எல்லாத்துக்கும் தெரியும்."

"அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல? மேல் டிவிஷனுக்கு மூட்ட கட்டப் பாத்தீகளே."

"கோல் வாங்குனவன் சொன்னா அது சாக்கு. கோல் போட்டவன் ஏன் சொல்லப் போறான்?" என்றார். பிறகு, "நீயும் நம்பிட்டல்ல, எங் கால்தான்னு" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆமாம் என்றேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்று என்பது போல விரலை அசைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மதினி தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். சேற்றுக் காலோடு அறைக்குள் வந்துவிட்டானாம். ஒரு வாரமாகக் கேட்காத குரல், அதே உரத்த குரல். நடுவில் நிறுத்தி, சுவரைக் கையால் தட்டினாள்.

"ஏட்டி, அம்மி காலியா இருக்கு. வாரியா, இல்ல நானே அரைக்கட்டா?"

மிளகாயைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு போனேன்.